சுத்தியல் யார் கையில்? இடைக்காலத் தேர்தல் கேள்வி-பதில்

வரும் 2026 நவம்பர் 3 அன்று அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல், அதாவது அதிபரின் நாலு வருஷப் பதவிக்காலத்தின் நடுவில் வரும் தேர்தல். அதைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி கேட்டிருந்தவர்களின் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: அதிபர் தேர்தலே இல்லையே சார், பிறகு எதற்கு இத்தனை ஆரவாரம்? (எடிசன், நியூ ஜெர்சி)

அதிபர் பெயர் வாக்குச்சீட்டில் இருக்காதுதான். ஆனால் மிச்சமிருக்கும் இரண்டு வருஷத்தில் அவரால் எது முடியும், எது முடியாது என்பது அந்தச் சீட்டில் பெயர் இருப்பவர்களைப் பொறுத்தது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் தேர்தல். செனட்டில் 35 இடங்களுக்கு: வழக்கமாக வரும் 33, அத்துடன் ஜே.டி. வான்ஸ் துணை அதிபரானதால் காலியான ஒஹாயோ இடம், மார்கோ ரூபியோ வெளியுறவு அமைச்சரானதால் காலியான ஃபுளோரிடா இடம். 36 மாநிலங்களில் கவர்னர் தேர்தலும் இதே நாளில்தான்.

2024-ல் சபையில் குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215 என்று வந்தன. பெரும்பான்மைக்கு 218 வேண்டும். அதாவது மூன்றே மூன்று இடம் கைமாறினால் சபாநாயகரின் சுத்தியல் கைமாறிவிடும். ராத்திரி முழுக்க டிவியில் ஓடும் எண்களில் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தச் சுத்தியல் யாரிடம் போகிறது என்பதைத்தான். யாருக்கு எவ்வளவு அதிகம், யார் முகம் வாடியது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

கேள்வி: அதிபரின் கட்சி இடைக்காலத் தேர்தலில் எப்போதுமே தோற்குமாமே, உண்மையா? (டாலஸ்)

கிட்டத்தட்ட உண்மை. 1934-லிருந்து கணக்கெடுத்தால், அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களைக் கூட்டிக்கொண்டது மூன்றே தடவை. பெருமந்தத்தின் நடுவே ரூஸ்வெல்ட்டுக்கு 1934-ல், கிளின்டனைப் பதவிநீக்கம் செய்யக் குடியரசுக் கட்சி துடித்துக்கொண்டிருந்த 1998-ல், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு அடுத்த வருஷமான 2002-ல். மற்ற தடவையெல்லாம் சரிவுதான். கிளின்டன் 1994-ல் 54 இடம் இழந்தார், ஒபாமா 2010-ல் 63, டிரம்ப் 2018-ல் 40.

காரணம் பெரிய மர்மமில்லை. கோபமாக இருப்பவர்கள் ஓட்டுப் போட வருகிறார்கள், திருப்தியாகவோ சலிப்பாகவோ இருப்பவர்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 2014-ல் ஓட்டுரிமை உள்ளவர்களில் சுமார் 37 சதவீதம் பேர்தான் வந்தார்கள், 2018-ல் ஏறக்குறைய பாதிப்பேர் வந்தார்கள். நாலு வருஷத்தில் நாடு மனம் மாறிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. மனம் மாறியவர்களைவிட, முன்பு வராமல் இருந்து இப்போது வந்தவர்களைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன்.

ஆனால் வழக்கம் என்பது சட்டமில்லை. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், பைடனுக்கு ஆதரவு குறைந்துகொண்டே இருந்தது, ஜனநாயகக் கட்சி தரைமட்டமாகும் என்றார்கள். சபையில் இழந்தது 9 இடம்தான், செனட்டில் ஓர் இடம் கூடவே கிடைத்தது. அந்த ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆகஸ்டிலேயே கான்சஸ் மாதிரியான குடியரசுக் கட்சி மாநிலத்தில், மாநில அரசியல் சாசனத்திலிருந்து அந்த உரிமையை எடுக்கலாமா என்று கேட்டபோது 59 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். அதைக் கவனித்தவர்களுக்கு நவம்பர் அதிர்ச்சி தரவில்லை.

கேள்வி: 2022-ல் நான் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்த்தேன். எட்டு மணிக்கு ஒரு மாதிரி இருந்தது, பன்னிரண்டு மணிக்கு வேறு மாதிரி. எதை நம்புவது? (அட்லாண்டா வாசகி)

நேரத்தை வைத்து நம்பாதீர்கள். அந்த ராத்திரி முதலில் வந்தது ஃபுளோரிடா. அங்கே தபால் வாக்குகளை முன்கூட்டியே சரிபார்த்து எண்ணத் தயாராக வைத்திருப்பார்கள், வாக்குப்பதிவு முடிந்த ஒன்றிரண்டு மணியில் பெரும்பாலான எண்ணிக்கை வந்துவிடும். ரான் டிசான்டிஸ் 19 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார், 2002-க்குப் பிறகு எந்தக் குடியரசுக் கட்சிக் கவர்னர் வேட்பாளருக்கும் கிடைக்காத மயாமி-டேட் கவுண்டியும் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) அவர் பக்கம் போனது. இதைப் பார்த்ததும் ஸ்டுடியோக்களில் 'சிவப்பு அலை' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள் (சிவப்பு குடியரசுக் கட்சியின் நிறம், நீலம் ஜனநாயகக் கட்சியின் நிறம்). கொஞ்ச நேரத்தில் வர்ஜீனியாவின் 7-வது தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் அபிகேல் ஸ்பான்பெர்கர் தப்பித்தார், நள்ளிரவுக்குப் பிறகு பென்சில்வேனியா செனட் இடம் அதே கட்சியின் ஜான் ஃபெட்டர்மனுக்குப் போனது, அலை ஃபுளோரிடாவோடு நின்றுவிட்டது தெரிந்தது.

பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தேர்தல் நாள் காலைக்கு முன் தபால் உறையைப் பிரிக்கவே கூடாது என்பது சட்டம். அதனால் நேரில் போட்ட ஓட்டுகள் முதலில் ஏறும், தபால் ஓட்டுகள் பின்னால் வரும். நேரில் போய்ப் போடுபவர்களில் குடியரசுக் கட்சிக்காரர்கள் அதிகம், தபாலில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அதிகம். முதலில் சிவப்பாகத் தெரிந்து பிறகு நீலம் ஏறுவது இந்த எண்ணும் வரிசையால்தான், யாரும் இடையில் புகுந்து எதையும் கொட்டவில்லை. இதை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லிக்கொண்டே இருப்பேன்.

என் யோசனை: மாநில மொத்தத்தைப் பார்க்காமல், உங்களுக்குத் தெரிந்த ஒரு கவுண்டியைத் தேர்ந்தெடுத்து, அங்கே போன தடவை என்ன சதவீதம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த கவுண்டி முழுதாக எண்ணி முடித்ததும் ஒப்பிடுங்கள். பாதி எண்ணிய மாநிலத்தைவிட முழுதாக எண்ணிய ஒரே கவுண்டி அதிகம் சொல்லும்.

கேள்வி: தேர்தல் ஆணையம் அறிவிக்காமல் செய்தி நிறுவனங்கள் எப்படி வெற்றியை அறிவிக்கின்றன? (கோவை)

நாடு முழுவதற்கும் சேர்த்து ஓட்டு எண்ணி அறிவிக்கும் மத்திய அமைப்பு அமெரிக்காவில் கிடையாது. எண்ணுவது கவுண்டிகளும் நகராட்சிகளும், சான்றளிப்பது மாநிலங்கள், அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியை 1848-லிருந்து அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் நிரப்பிவருகிறது. பின்தங்கியவர் முந்த வழியே இல்லை என்று உறுதியான பிறகுதான் அவர்கள் ஒரு போட்டியை முடிந்ததாகச் சொல்வார்கள். சட்டப்படி அது அறிவிப்பு அல்ல, ஆனால் அவர்கள் பொறுமைசாலிகள் என்பதால் நான் அதைத்தான் பார்ப்பேன். 2022-ல் தேர்தல் நவம்பர் 8, சபை குடியரசுக் கட்சிக்கு என்று உறுதியானது 16-ஆம் தேதி. எட்டு நாள் தாமதம் என்றால் கோளாறு என்று அர்த்தமில்லை.

கேள்வி: என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது? (டென்வர்)

நீங்கள் கொலராடோவிலிருந்து இதைக் கேட்பதால் கொலராடோவையே சொல்கிறேன். 2022-ல் 3-வது தொகுதியில் குடியரசுக் கட்சியின் லாரன் போபெர்ட் சுலபமாக ஜெயிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறுவாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு வித்தியாசம் 546 ஓட்டு. எதிர்த்து நின்ற ஆடம் ஃப்ரிஷ், முடிவு தெரியாத நிலையில் வாஷிங்டனில் புதிய உறுப்பினர்களுக்கான அறிமுக வகுப்புக்குக்கூடப் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பி வந்து தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கேள்வி: ஜனநாயகக் கட்சி சபையைப் பிடித்தால் டிரம்ப் கொண்டுவந்த சட்டங்கள் ரத்தாகுமா? (சான் ஹோசே)

ஆகாது. ரத்து செய்யும் மசோதா இரண்டு சபைகளிலும் நிறைவேறி, அதிபர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வீட்டோ செய்தால் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதற்கு வாய்ப்பே இல்லை.

பிறகு என்னதான் மாறும்? கமிட்டிகள் மாறும். ஒவ்வொரு கமிட்டித் தலைவர் பதவியும் பெரும்பான்மைக் கட்சிக்குப் போகும், எதை விசாரிப்பது, யாருக்கு சம்மன் அனுப்புவது, எந்த மசோதாவைத் தூங்க வைப்பது என்பது அவர்கள் இஷ்டம். 2018-க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். வரி விவகாரங்களைப் பார்க்கும் கமிட்டியின் தலைவரான ரிச்சர்ட் நீல், 2019 ஏப்ரலில் டிரம்பின் வருமானவரிக் கணக்குகளைக் கேட்டார். தர மறுத்தார்கள், வழக்கு இழுத்தது, உச்ச நீதிமன்றம் கடைசித் தடையை நீக்கியது 2022 நவம்பரில். அதற்குள் அந்த மாதத் தேர்தலில் சபை குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டது, ஜனவரி 3 அன்று கமிட்டியும் கைமாறிவிடும். டிசம்பர் 30 அன்று கணக்குகளை வெளியிட்டார்கள். நாலு நாள் முன்னதாக. மூன்றரை வருஷம் காத்திருந்த ஒரு வேலை, ஒரு இடைக்காலத் தேர்தலில் கிடைத்த அதிகாரத்தால் தொடங்கி, அடுத்த இடைக்காலத் தேர்தலில் அது பறிபோவதற்கு முந்தைய வாரத்தில் முடிந்தது.

இன்னொன்று, பட்ஜெட். செலவு மசோதா இல்லாமல் அரசு நகராது. ஒரு சபை எதிர்க்கட்சியிடம் இருந்தால் முட்டல் மோதல் நிச்சயம். 2010-ல் சபையை இழந்த ஒபாமா, அடுத்த கோடையில் கடன் உச்சவரம்புத் தகராறில் சிக்கினார், எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் கடன் தர மதிப்பீட்டை முதன்முறையாகக் குறைத்தது. சபையில் வழி அடைபட்ட அதிபர்கள் உத்தரவுகளை நம்ப ஆரம்பிப்பார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். சின்ன வயதில் ஆவணமில்லாமல் அமெரிக்கா வந்தவர்களுக்கு ஒபாமா 2012-ல் கொடுத்த பாதுகாப்பும் அப்படித்தான் வந்தது, எல்லைச் சுவருக்காக டிரம்ப் 2019-ல் அறிவித்த அவசரநிலையும் அப்படித்தான் வந்தது.

கேள்வி: 218 வந்தால் போதும்தானே? (சிகாகோ)

குடியரசுக் கட்சியின் முன்னாள் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியைக் கேட்டால் தெரியும். 2022-ல் அவர் கட்சிக்குக் கிடைத்தது 222. சபாநாயகராக அவருக்கு 15 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. 14-வது சுற்றில், நள்ளிரவு நேரத்தில், அவர் கட்சியிலேயே இருந்த மேட் கேட்ஸ் ஆதரவு தராமல் 'வருகை' என்று மட்டும் பதிவு செய்ய, அலபாமாவின் மைக் ராஜர்ஸ் அவரை நோக்கிப் பாய, பின்னாலிருந்த இன்னோர் உறுப்பினர் ராஜர்ஸின் முகத்தைப் பிடித்து இழுத்தார். அப்போது சபை விதிகளே இன்னும் நிறைவேறாததால் கேமராக்களுக்குக் கட்டுப்பாடில்லை, நாடு முழுக்க அதைப் பார்த்தது. ஆதரவு வாங்க மெக்கார்த்தி கொடுத்த சலுகைகளில் ஒன்று, ஒரே ஓர் உறுப்பினர் நினைத்தாலும் சபாநாயகரை நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம் என்பது. 2023 அக்டோபர் 2 அன்று அதே கேட்ஸ் அதைக் கொண்டுவந்தார், மறுநாள் 216-க்கு 210 என்று மெக்கார்த்தி பதவி இழந்தார். புதிய சபாநாயகர் மைக் ஜான்சன் வர மூன்று வாரம் ஆனது, அதுவரை சபையில் ஒரு வேலையும் ஓடவில்லை.

அதனால் வித்தியாசம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். நாலைந்து இடப் பெரும்பான்மையில் தலைவரைவிட, கடைசியாக வந்து நிற்கும் நாலு பேருக்குத்தான் பலம்.

கேள்வி: செனட் மாறுமா? (பாஸ்டன்)

இப்போதைய கணக்கு குடியரசுக் கட்சி 53, ஜனநாயகக் கட்சி 47. சரிசமமானால் வான்ஸின் ஓட்டு முடிவு செய்யும் என்பதால், ஜனநாயகக் கட்சிக்கு நாலு இடம் கூடுதலாக வேண்டும். கஷ்டமான பாதை. வட கரோலினாவில் டாம் டில்லிஸ் மறுபடி நிற்கவில்லை, மெய்னில் சூசன் காலின்ஸின் இடம் இருக்கிறது, கூடவே ஜார்ஜியாவையும் மிச்சிகனையும் கைவிடாமல் காப்பாற்றவும் வேண்டும்.

செனட் ஏன் முக்கியம் என்று ஒரு வரியில் கேட்டால்: நீதிபதிகள். 2014 இடைக்காலத் தேர்தலில் குடியரசுக் கட்சி செனட்டைப் பிடித்தது. அப்போது அது ஒரு சாதாரணச் செய்தி. 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்கலியா இறந்தார், ஒபாமா மெரிக் கார்லண்டை நியமித்தார், செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவரான மிட்ச் மெக்கானல் விசாரணையே நடத்தவில்லை, அந்த நாற்காலி அடுத்த வருஷம் நீல் கோர்சச்சுக்குப் போனது. 2018-ல் சபையை இழந்த குடியரசுக் கட்சி செனட்டை மட்டும் வைத்துக்கொண்டது, அதனால் 2020 அக்டோபரில் ஏமி கோனி பேரட்டை 52-48 என்று உட்கார வைக்க முடிந்தது. கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்ய ஓட்டுப் போட்ட ஐந்து நீதிபதிகளில் இந்த இரண்டு பேரும் உண்டு. 2014-ல் வீட்டில் இருந்துவிட்ட அத்தனை பேரையும் நினைத்துக்கொள்கிறேன், எனக்கு இன்றும் வலிக்கிறது.

கேள்வி: எங்கள் வாக்குச்சீட்டில் மாநில நீதிபதி, மாநிலச் செயலாளர் என்று பெயரே கேள்விப்படாதவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். தெரிந்ததற்கு மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை காலியாக விடலாமா? (சார்லட், வட கரோலினா)

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அதுவும் உங்கள் மாநிலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2022 தொடக்கத்தில் வட கரோலினா உச்ச நீதிமன்றத்தில் ஜனநாயகக் கட்சி நீதிபதிகள் 4, குடியரசுக் கட்சி நீதிபதிகள் 3. ஒரு கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லை வரைவது மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. நீதிமன்ற மேற்பார்வையில் வந்த வரைபடத்தில் அந்த நவம்பரில் தேர்தல் நடந்தது. பிரதிநிதிகள் சபையில் மாநிலத்துக்கு உள்ள இடங்கள் 7-7 என்று பிரிந்தன. மாநிலம் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருக்கும் மாநிலம், முடிவும் சரிபாதி.

அதே நாள், அதே சீட்டின் கீழ்ப்பகுதியில், மாநில உச்ச நீதிமன்றத்தின் இரண்டு இடங்களுக்கும் தேர்தல். இரண்டையும் குடியரசுக் கட்சி ஜெயித்தது, நீதிமன்றம் 5-2 ஆனது. தேசிய டிவியில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 2023 ஏப்ரலில் புதிய பெரும்பான்மை அதே வழக்கை மறுபடி கேட்டு, பழைய தீர்ப்பை ரத்து செய்தது. அக்டோபரில் மாநிலச் சட்டமன்றம் புது வரைபடம் போட்டது. 2024-ல் அந்த இடங்கள் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4.

மூன்று இடம் கூடுதல். இப்போது முதல் பதிலில் நான் சொன்ன 220-215 கணக்கைத் திரும்பப் பாருங்கள். அந்த மூன்றை எடுத்து மறுபக்கம் வைத்தால் 217-218, சுத்தியல் வேறு கையில். அமெரிக்காவின் சபாநாயகர் யார் என்பதை, இரண்டு வருஷம் முன்னால் பெயர் தெரியாத இரண்டு நீதிபதிகளுக்கான போட்டியில், அந்தப் பக்கத்தைத் திருப்பாமலே விட்டவர்களும் சேர்ந்துதான் தீர்மானித்தார்கள்.

மறுபக்கத்துக்கும் இதே கதை உண்டு. மிச்சிகனில் 2018 இடைக்காலத் தேர்தலில், எல்லை வரையும் வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து எடுத்துப் பொதுமக்கள் ஆணையத்திடம் கொடுக்கும் யோசனை வாக்குச்சீட்டில் இருந்தது, நிறைவேறியது. அந்த ஆணையம் வரைந்த எல்லைகளில் 2022-ல் ஜனநாயகக் கட்சி ஏறக்குறைய 40 வருஷத்துக்குப் பிறகு மாநிலத்தின் இரண்டு அவைகளையும் சேர்த்துப் பிடித்தது. 2023 மார்ச்சில் தொழிற்சங்கங்களை முடக்கிய சட்டத்தை நீக்கினார்கள்.

கேள்வி: டெக்சஸ் தொகுதி எல்லையை மாற்றியது, கலிஃபோர்னியாவும் மாற்றியது. கலிஃபோர்னியா செய்தது சரியா? (ஃப்ரீமாண்ட்)

பத்து வருஷத்துக்கு ஒரு முறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு வரைய வேண்டியதை, டெக்சஸ் 2025 ஆகஸ்டில் நடுவிலேயே வரைந்தது. குறி, ஐந்து கூடுதல் இடம். பதிலுக்கு கலிஃபோர்னியா நவம்பரில் மக்களிடமே கேட்டு, தன் மாநில ஆணையத்தின் வரைபடத்தை ஒதுக்கிவைத்துப் புதியதைக் கொண்டுவந்தது. கேட்டுச் செய்தது கேட்காமல் செய்ததைவிட மேல், அவ்வளவுதான் சொல்வேன். மிச்சிகன் மாதிரி இடங்களில் மக்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த ஏற்பாட்டை, ஒரு கட்சி மீறினால் மறு கட்சியும் தூக்கி எறிய வேண்டிய நிலை வந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நவம்பரில் இடங்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, எத்தனை இடம் ஓட்டால் மாறியது, எத்தனை கோட்டால் மாறியது என்று பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். யார் ஜெயித்தால் எங்களுக்கு நல்லது? (சியாட்டில் வாசகி)

உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட்டுப் போக மனமில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வருஷத்துக்குக் கொடுக்கும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற வரம்புதான் உங்கள் வரிசைக்கு மூலகாரணம். வேலைவாய்ப்புப் பிரிவில் அந்த வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. இரண்டு கட்சியும் சேர்ந்து. 2020 டிசம்பரில் செனட்டும் ஒருமனதாக நிறைவேற்றியது, ஆனால் சில மாற்றங்களோடு. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்க வேண்டும், ஒரு மாதம்தான் இருந்தது, ஒன்றாக்கவில்லை. 2021 ஜனவரி 3 அன்று அந்த காங்கிரஸின் (இரண்டு சபையும் சேர்ந்த நாடாளுமன்றத்தின்) காலம் முடிந்தது, நிறைவேறாத எல்லா மசோதாவும் அன்றோடு காலாவதி. மறுபடி முதலிலிருந்து.

எனவே கட்சியைவிட, புதிய சபையில் குடிவரவு விவகாரங்களைக் கையாளும் நீதிக் கமிட்டிக்கு யார் தலைவர், மசோதா முதல் வருஷத்திலேயே கமிட்டியைத் தாண்டுகிறதா என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் வருஷக் கடைசியில் நகரும் மசோதாவை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: எனக்கு ஓட்டு இல்லை, கிரீன் கார்டுதான். நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? (ராலி, வட கரோலினா)

நிறைய உண்டு. முதலில் ஓர் எச்சரிக்கை: ஓட்டுப் போடவோ பதிவு செய்யவோ வேண்டாம், ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் யாராவது படிவத்தை நீட்டினாலும் வேண்டாம். பின்னால் குடியுரிமையே கேள்விக்குறியாகிவிடும். ஆனால் கிரீன் கார்டு உள்ளவர்கள் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம். எச்1பி-யில் இருப்பவர்கள் பணம் தரக்கூடாது, சம்பளமில்லாமல் தொண்டராக வேலை செய்யலாம். வீடு வீடாகப் போவது, போன் செய்வது எல்லாம் அதில் அடங்கும்.

அப்புறம், உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகம் குடிமக்களுக்கு மட்டுமானது இல்லை. குடிவரவுத் துறையில் உங்கள் கோப்பு மாதக்கணக்கில் நகராமல் கிடந்தால், அங்கே அதற்கென்றே ஆள் இருப்பார். அவர் உங்கள் சார்பில் விசாரிக்க, நீங்கள் கையெழுத்திட்ட அனுமதிப் படிவம் ஒன்று தர வேண்டும். இந்த நவம்பரில் உங்கள் உறுப்பினர் தோற்றாலோ, ஓய்வு பெற்றாலோ, எல்லை மாறி நீங்கள் வேறு தொகுதிக்குப் போயிருந்தாலோ, அந்தக் கோப்பு தானாகப் புதியவரிடம் போகும் என்று இருந்துவிடாதீர்கள். டிசம்பரிலேயே பழைய அலுவலகத்துக்குப் போன் செய்து நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஜனவரியில் புதிய அலுவலகத்தில் புதுப் படிவம் கொடுங்கள்.